ஒரே நாளில் அறிமுகமும் நிறைவேற்றமும்: பேரவை தன் விதியைத் தானே தளர்த்துவது எப்படி?

கடைமடைக்காரன் (தலைஞாயிறு):

அனைவருக்கும் வணக்கம். தலைஞாயிறு ஒன்றியத்தில், அடப்பாற்றின் கடைமடையில் இருக்கும் ஒரு சிறிய விவசாயிகள் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்த ஒரு வாக்குவாதத்துக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. ஆகவே அதை இங்கே கொண்டுவருகிறேன்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் தொடர்பான சட்டமுன்வடிவு 2020 பிப்ரவரி 20 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. தெரிவுக் குழுவுக்கு அனுப்பி ஆராய வேண்டும் என்று அன்றைய எதிர்க்கட்சியான திமுக கேட்டது. அது ஏற்கப்படாததால் வெளிநடப்புச் செய்தது. மூன்று ஆண்டுகள் கழித்து 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு விவாதமே இல்லாமல் நிறைவேறியது. அப்போது ஆளுங்கட்சி திமுக. முதலாவது சட்டம் நாங்கள் கேட்டுப் பெற்றது. இரண்டாவதோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக ஏரி, வாய்க்கால் உள்ளிட்ட நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வழிசெய்வது என்பதால் நாங்கள் இன்றுவரை எதிர்ப்பது. கட்சிகள் இருக்கை மாறி அமர்ந்தன. வேகம் மட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் ஊரில் கிராம சபை கூட்டுவதென்றாலே ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். எட்டுக் கோடிப் பேருக்கான சட்டத்தை மட்டும் காலையில் கையில் கொடுத்து மாலையில் முடித்துவிட எந்த விதி இடம் தருகிறது? கூட்டத்தில் ஒரு பெரியவர், எல்லாம் சபாநாயகரின் விருப்பம், அவருக்கு மேல் விதி இல்லை என்றார். சட்டக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, விதியைத் தளர்த்த நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும், அந்த வாக்கெடுப்பு நடக்காமல் நிறைவேற்றிய சட்டம் செல்லாது என்று உறுதியாக வாதிட்டார். இவர்களில் யார் சொல்வது சரி? நாங்கள் ஒரு கோரிக்கை மனு எழுதவிருப்பதால் தவறான வாதத்தை அதில் வைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பழைய நிருபர் (மன்னார்குடி):

தோழர், புனித ஜார்ஜ் கோட்டையில் பத்திரிகையாளர் மாடத்தில் பல கூட்டத்தொடர்கள் அமர்ந்து எழுதியவன் என்ற அளவில் சொல்கிறேன். பெரியவர் சொன்னதும் பாதி உண்மை, தம்பி சொன்னதும் பாதி உண்மை. அவர்கள் இருவரும் இரண்டு வேறு வழிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

வாய்க்கால்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு வாய்க்காலுக்கு உரிய முறையை மாற்றித் தண்ணீர் விடவேண்டுமானால், பாசனதாரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, எழுதிக் கையெழுத்திட்டு மாற்றுவது ஒரு வழி. ஷட்டர் சாவியைக் கையில் வைத்திருக்கும் லஸ்கர், அவசரம் என்று தானே கருதி அரை அடி தூக்கிவிடுவது இன்னொரு வழி. தண்ணீர் இரண்டிலும் வந்துவிடும். யார் மாற்றினார்கள் என்பதற்கு முதல் வழியில் காகிதம் இருக்கும்.

பேரவையிலும் அப்படித்தான். முதல் வழி, விதியை வெளிப்படையாகத் தளர்த்தும் தீர்மானம். 2023 ஏப்ரல் 10 அன்று நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் தர ஆளுநருக்குக் கால வரம்பு விதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசையும் குடியரசுத் தலைவரையும் வலியுறுத்தும் தீர்மானத்தை அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொண்டுவந்தார். ஆனால் ஆளுநரைப் பற்றி அவையில் பேசுவதற்குப் பேரவை விதி 92(7) குறுக்கே நின்றது. எனவே முதலில் அவை முன்னவர் துரைமுருகன், அந்த விதியைத் தளர்த்துமாறு ஒரு தனித் தீர்மானத்தை முன்மொழிந்தார். அதற்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை என்பதால் குரல் வாக்கெடுப்போடு விட்டுவிட முடியவில்லை, தலைகளை எண்ணினார்கள். ஆதரவாக 144 பேர், எதிராக 2 பேர். அதன் பிறகுதான் அசல் தீர்மானத்துக்கே வந்தார்கள்.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பேரவையின் மொத்த இடங்கள் 234. அதில் நான்கில் மூன்று பங்கு என்றால் 176 வேண்டும். 144 போதாது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது என்றால், கணக்கு அவையில் இருந்தவர்களை வைத்துத்தான் போடப்படுகிறது. 146 பேரில் நான்கில் மூன்று பங்கு 110. 2021 தேர்தலில் திமுக கூட்டணி பெற்றது 159 இடங்கள், அதிமுக கூட்டணி பெற்றது 75. எதிர்வரிசையில் இருந்த அத்தனை பேரும் உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்லியிருந்தால், ஆளுங்கூட்டணி முழுதாக வந்திருந்தாலும் அந்த விதியைத் தனியாகத் தளர்த்தியிருக்க முடியாது. வெளிநடப்பு என்பது செய்தித்தாளில் எதிர்ப்பாகத் தெரியும்; இந்தக் குறிப்பிட்ட கணக்கில் அது ஆளுங்கட்சிக்கு உதவியாகவே முடியும். இதை எந்தக் கட்சியும் தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நான் கண்டதில்லை.

அதே ஆண்டு ஜனவரி 9 அன்று நடந்ததும் நினைவிருக்கும். ஆளுநர் ஆர்.என்.ரவி அச்சிட்ட உரையின் சில பகுதிகளை விட்டும் சேர்த்தும் படித்தார். முதலமைச்சர் உடனே எழுந்து, விதி 17-ஐத் தளர்த்தி, அச்சிடப்பட்ட உரை மட்டுமே அவைக்குறிப்பில் ஏற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஆளுநர் நாட்டுப்பண்ணுக்குக் காத்திராமல் வெளியேறினார். அந்தச் செயலை ஆதரிப்பவரும் உண்டு, எதிர்ப்பவரும் உண்டு. எப்படியிருந்தாலும் எந்த விதி, எதற்காகத் தளர்த்தப்பட்டது என்பது ஊருக்கே தெரிந்தது.

இரண்டாவது வழி சத்தமில்லாதது. உங்கள் இரண்டு சட்டங்களைப் போன்றவை பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகின்றன. விதிப்புத்தகங்களில் கால அவகாசம் சொல்லும் இடங்களில் எல்லாம் ஒரு வால் ஒட்டியிருக்கும். மக்களவை விதி 74-ஐப் பாருங்கள். முன்வடிவின் படி இரண்டு நாள் முன்னதாகக் கிடைக்கவில்லை என்று ஓர் உறுப்பினர் ஆட்சேபிக்கலாம், அவைத் தலைவர் அனுமதித்தாலொழிய அந்த ஆட்சேபம் நிலைக்கும் என்கிறது. அந்த 'அனுமதித்தாலொழிய' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மாநிலப் பேரவைகளின் விதிகள் பெரும்பாலும் இதே வார்ப்பில் செய்யப்பட்டவை. இங்கே வாக்கெடுப்பு கிடையாது, நான்கில் மூன்று பங்கு கிடையாது, ஏன் அனுமதித்தார் என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் கிடையாது. சொல்லப்போனால் இது விதியைத் தளர்த்துவதே அல்ல. விதிக்குள் எழுதிவைக்கப்பட்டிருக்கும் விலக்கைப் பயன்படுத்துவது. ஆகவே தம்பியின் வாதம் இங்கே நிற்காது.

விதி 110 பற்றியும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள். அமைச்சர் ஒருவர் அறிக்கை படிக்கலாம், அதன்மேல் விவாதம் கூடாது என்பதே அந்த விதி. அதைப் பயன்படுத்தி எத்தனை அறிவிப்பு வந்தாலும் அதில் தளர்வு எதுவும் இல்லை. அதைப் பற்றிய மனவருத்தம் வேறு வகை.

குடந்தை வழக்கறிஞர்:

நிருபர் ஐயா சொன்னதோடு அரசமைப்புச் சட்டத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன். மனுவுக்கு அதுதான் தேவைப்படும்.

பேரவை தனக்குத்தானே விதி வகுத்துக்கொள்ளும் அதிகாரம் 208-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. 'இந்த அரசமைப்புச் சட்டத்தின் வகைமுறைகளுக்கு உட்பட்டு' என்பது அதிலேயே இருக்கும் வரம்பு. ஆகவே அரசமைப்புச் சட்டமே நேரடியாகச் சொல்லியிருப்பதைப் பேரவை ஒருமனதாக விரும்பினாலும் தளர்த்த முடியாது. பேரவைத் தலைவரை நீக்கும் தீர்மானத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு. 234 பேரும் கைதூக்கினாலும் அது 13 நாளாகாது. அவை நடக்க 10 பேர் அல்லது மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது கூடுதலோ அது வேண்டும் என்கிறது 189-ஆம் பிரிவு. அதைச் சட்டமியற்றி மாற்றலாமே தவிர, ஒரு நாள் தீர்மானத்தால் ஒதுக்கிவைக்க இயலாது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பணிசார்ந்த நடத்தையைப் பேரவையில் விவாதிக்கக் கூடாது என்பது 211. ஆளுநரைப் பற்றிய தடையைப் பேரவை விதியில் வைத்ததால் அவர்களால் தளர்த்த முடிந்தது. நீதிபதிகளைப் பற்றிய தடை அரசமைப்புச் சட்டத்திலேயே இருப்பதால் அங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது.

ஆனால் ஒரு முன்வடிவை எத்தனை நாள் முன்னதாக உறுப்பினர்களிடம் கொடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அது முழுக்கப் பேரவை விதிக்குள் அடங்கும் விஷயம். அங்கே 212-ஆம் பிரிவு குறுக்கே வந்து நிற்கிறது. நடைமுறை ஒழுங்கீனம் இருந்தது என்ற காரணத்துக்காகச் சட்டமன்ற நடவடிக்கை ஒன்றின் செல்லுபடியை வினவக் கூடாது என்பது அதன் சாரம். எனவே 'விதிப்படி இரண்டு நாள் தரவில்லை, ஆகவே சட்டம் செல்லாது' என்று நீதிமன்றம் சென்றால் முதல் நாளிலேயே திருப்பி அனுப்பப்படுவதற்கான வாய்ப்பே அதிகம். கட்டணம் வாங்கிக்கொண்டு வழக்குப் போட ஆள் கிடைப்பார். அதனால் வாதம் வலுப்பெற்றுவிடாது.

அதே சமயம் 212 என்பது எல்லாவற்றையும் மூடிவிடும் போர்வையும் அல்ல. ராஜா ராம் பால் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம், நடைமுறை ஒழுங்கீனம் வேறு, சட்டமீறல் அல்லது அரசமைப்பு மீறல் வேறு என்று பிரித்தது. முதலாவதற்குத்தான் பாதுகாப்பு. மகாராஷ்டிரப் பேரவை 2021 ஜூலை 5 அன்று 12 உறுப்பினர்களை ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்தது. அந்தப் பேரவையின் 53-ஆம் விதிப்படி இடைநீக்கம் அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்களைத் தாண்டக் கூடாது. அவையின் பெரும்பான்மை வாக்களித்துவிட்டதே, விதி எதற்கு என்ற நிலைதான் அங்கே எடுக்கப்பட்டது. 2022 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், கூட்டத்தொடருக்கு அப்பால் நீண்ட இடைநீக்கத்தை ரத்துச் செய்தது. ஓராண்டு முழுவதும் 12 தொகுதிகளுக்கு அவையில் குரலே இல்லாமல் போவது என்பது அந்தத் தீர்ப்பில் கனமாகப் பேசப்பட்ட காரணம். இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியது குறுகலானதே. விதியை மீறியதன் விளைவு ஒருவரின் உரிமையையோ ஒரு தொகுதியின் பிரதிநிதித்துவத்தையோ பறிக்கும் அளவுக்குப் போனால் நீதிமன்றம் பார்க்கும். படிக்க நேரம் தரவில்லை என்பதை அந்தத் தட்டில் வைத்து நிறுக்க இன்னும் யாரும் வெற்றி பெறவில்லை.

இன்னொரு சிறு குறிப்பு. நிதி தொடர்பான சில முன்வடிவுகளுக்கு ஆளுநரின் பரிந்துரை முன்கூட்டியே வேண்டும் என்று 207 சொல்கிறது. அதைப் பெறத் தவறினாலும், பின்னர் ஒப்புதல் கிடைத்துவிட்டால் அந்த ஒரு காரணத்துக்காகச் சட்டம் செல்லாமல் போகாது என்று 255 காப்பாற்றுகிறது. நடைமுறைத் தவறுகளைப் பின்னால் பொறுத்துக்கொள்ளும் மனப்பான்மை அரசமைப்புச் சட்டத்துக்கே கொஞ்சம் உண்டு.

நெல்விளை (பாபநாசம்):

படித்தவர்கள் பேசும் இடத்தில் நான் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வேகம் என்றாலே தீமை என்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. ஹைட்ரோகார்பன் எடுப்பதை எதிர்த்த நெடுவாசல் போராட்டம் 2017 பிப்ரவரியில் தொடங்கியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று எங்கள் பக்கத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்து வயலில் கசிந்தது. 2020 ஜனவரி 16 அன்று ஒன்றிய அரசு, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று அறிவிக்கை வெளியிட்டது. அதன் பிறகு முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி பிப்ரவரி 9 அன்று வேளாண் மண்டல அறிவிப்பைச் செய்தார். 20 அன்று சட்டமுன்வடிவு நிறைவேறியது. அந்தச் சூழலில் தெரிவுக் குழு, ஆறு மாதம், அறிக்கை என்று போயிருந்தால் நடுவில் எத்தனை கிணறுகளுக்கு அனுமதி கொடுத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? சல்லிக்கட்டுக்கு 2017 ஜனவரி 23 அன்று சட்டம் கொண்டுவந்தபோதும் அன்றே அறிமுகம், அன்றே நிறைவேற்றம். அன்று யாராவது, உறுப்பினர்களுக்குப் படிக்க இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள் என்று மெரினாவில் போய்ச் சொல்லியிருக்க முடியுமா?

நமக்கு வேண்டிய சட்டம் வேகமாக வந்தால் மக்கள் குரல், வேண்டாத சட்டம் வேகமாக வந்தால் ஜனநாயகப் படுகொலை என்று பேசுவது சரியல்ல என்பதே என் எண்ணம்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு):

நெல்விளை அண்ணன் சொன்னது என்னையே குத்துகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 2020 பிப்ரவரி 20 மாலையில் நாங்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தோம். முன்வடிவில் என்ன இருக்கிறது என்று அன்று ஒருவரும் படித்திருக்கவில்லை.

பிறகு படித்தோம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்களும் சட்டத்துக்குள் வந்தன. திருச்சியும் கரூரும் அரியலூரும் வெளியே நின்றன. புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதற்குத் தடை வந்தது. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பணிகளைச் சட்டம் பாதிக்காது என்று ஒரு பிரிவும் உள்ளே இருந்தது. குழாய்ப் பாதை, சாலை, துறைமுகம் போன்ற உட்கட்டமைப்புகளுக்கும் தனியே இடம் விட்டிருந்தார்கள். இவற்றுக்கு நல்ல காரணங்கள் இருந்திருக்கலாம். அந்தக் காரணங்களை ஒருவர் எழுந்து கேட்டு, அமைச்சர் பதில் சொல்லி, அது அவைக்குறிப்பில் ஏறியிருந்தால், இன்று ஒவ்வொரு பழைய கிணற்றைப் பராமரிக்க வண்டி வரும்போதும் ஊர் திரண்டு போய், இது பழையதா புதியதா என்று வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்காது. அவசரத்தில் இழந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேண்டிய சட்டமாக இருந்தாலும் படிக்கப்படாமல் வந்ததற்கு நாங்கள்தான் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய நிருபர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. நீங்கள் சொல்லும் இரண்டாவது வழியை மூட முடியாதா? வேறு எங்கேயாவது மூடியிருக்கிறார்களா?

மாயவரத்தான் (டெக்சாஸ், ஆஸ்டின்):

ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம், இருப்பது ஆஸ்டினில். இங்கே மாநிலச் சட்டமன்றம் என் அலுவலகத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருப்பதால், வேடிக்கை பார்க்கப் போய்ப் பழகி, கடைசியில் அதன் விதிகளைப் படிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். அமெரிக்க மாநிலங்களின் அனுபவம் உங்கள் கேள்விக்கு ஓரளவு பயன்படலாம், பாதி எச்சரிக்கையாகவே.

டெக்சாஸ் அரசமைப்பில் ஒரு முன்வடிவு மூன்று வெவ்வேறு நாட்களில் படிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. பொதுநலன் கருதிய கட்டாய அவசரம் என்றால் ஐந்தில் நான்கு பங்கு ஆதரவோடு அதை ஒதுக்கலாம். அதாவது நம் பேரவை விதியில் இருக்கும் அவகாசத்தை இவர்கள் அரசமைப்பிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கேட்கும்போது நன்றாக இருக்கிறது. நடப்பில், சர்ச்சையில்லாத முன்வடிவுகளுக்கு அந்த ஐந்தில் நான்கு பங்கு வாக்கெடுப்பு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிடும்.

இங்குள்ள செனட் அவையில் இன்னும் விசித்திரம். ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும், யாரும் நிறைவேற்ற நினைக்காத ஒரு முன்வடிவைப் பட்டியலின் தலையில் வைத்துவிடுவார்கள். வரிசைப்படி எடுக்க வேண்டும் என்பது விதி. முதலாவதை எடுப்பதே இல்லை என்பதால், பின்னால் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுக்க விதியைத் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்வே அன்றாட நடைமுறையாகிவிட்டது. இதை வேண்டுமென்றே செய்தார்கள். தளர்த்த மூன்றில் இரண்டு பங்கு, 31 பேரில் 21 பேர் வேண்டும் என்பதால், சிறுபான்மைக் கட்சியோடு பேசாமல் எதையும் நகர்த்த முடியாது. பல பத்தாண்டுகள் அப்படியே ஓடியது. 2015-இல் அதை ஐந்தில் மூன்று பங்காக, 19 பேராகக் குறைத்தார்கள். 2021-இல் ஒன்பதில் ஐந்து பங்காக, 18 பேராகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஆளுங்கட்சிக்கு இருந்த இடங்கள் சரியாக 18. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த ஏற்பாடு கலிபோர்னியாவினுடையது. அங்கே முன்வடிவு அறிமுகமாகி 31-ஆம் நாள் வரை அதைக் குழுவும் விசாரிக்கக் கூடாது, அவையும் எடுக்கக் கூடாது. வரவு செலவுத் திட்டத்துக்கு மட்டும் விலக்கு. முன்னதாக எடுக்க வேண்டுமானால் பெயர் சொல்லி வாக்கெடுத்து, நடவடிக்கைப் பதிவேட்டில் ஏற்றி, நான்கில் மூன்று பங்கு ஆதரவு பெற வேண்டும். அதே நான்கில் மூன்று. ஆனால் வந்திருந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர்களில். நிருபர் ஐயா 110-க்கும் 176-க்கும் போட்ட கணக்கைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. இது போதாமல் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, இறுதி வடிவம் 72 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தால் அதற்கும் விலக்கு உண்டு. விலக்கே இல்லாத விதியை நான் எங்கும் பார்க்கவில்லை. விலக்கை யார் கேட்கிறார்கள், அது எங்கே எழுதப்படுகிறது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு.

பழைய நிருபர் (மன்னார்குடி):

மாயவரத்துத் தம்பி, பலே. அந்தக் கடைசி வாக்கியமே தோழரின் கேள்விக்கு என் பதிலும். இரண்டாவது வழியை முழுதாக மூடச் சொல்லி மனு கொடுத்தால் எந்தக் கட்சியும் கேட்காது. ஆளுங்கட்சிக்கு இன்று தேவை, எதிர்க்கட்சிக்கு நாளை தேவை. வெள்ளம், தொற்று, நீதிமன்றத் தடை என்று உண்மையான அவசரமும் வரும். அனுமதி தரும்போது அதற்கான காரணத்தை அவையில் படித்து, அவைக்குறிப்பில் ஏற்ற வேண்டும் என்று கேட்பது மறுக்கக் கடினமான கோரிக்கை.

அவகாசம் மட்டுமே மருந்து என்று நினைத்துவிடவும் வேண்டாம். உங்கள் நில ஒருங்கிணைப்புச் சட்டம் வந்த அதே 2023 ஏப்ரல் 21 அன்றுதான் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கான திருத்தமும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24 அன்று அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அதைத் தடுத்தது எந்த விதியும் அல்ல, தொழிற்சங்கங்கள். நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு அப்படி ஒரு கூச்சல் அந்த வாரம் எழவில்லை. அதைப் படித்துப் பார்த்துக் கூச்சல் போடும் அளவுக்கு ஆட்கள் தெரிந்துகொள்ளும் முன்பே தொடர் முடிந்துவிட்டது.

நம் நகராட்சிகளில் 'டேபிள் அஜெண்டா' என்று கூட்டம் தொடங்கியபின் ஒரு தாளைச் சுற்றிவிடுவார்களே, அதை எதிர்த்து எழுந்த ஒரு கவுன்சிலரை எனக்குத் தெரியும். தீர்மானத்தை அவர் எதிர்க்கவே மாட்டார். 'அவசரம் என்ன என்பதை மினிட்ஸில் எழுதிவிட்டு மேலே போங்கள்' என்று மட்டும் சொல்வார். இரண்டு ஆண்டுகளில் அந்தத் தாள்கள் பாதியாகக் குறைந்தன. காரணம் எழுத வேண்டும் என்றால் பல அவசரங்கள் தாமாகவே அடங்கிவிடும்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு):

எல்லாருக்கும் நன்றி. மனுவின் நடுப்பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்: 'சட்டமுன்வடிவு அறிமுகமான நாளிலேயே அதை ஆய்வுக்கு எடுக்கப் பேரவைத் தலைவர் அனுமதிக்கும்போது, அவசரத்துக்கான காரணத்தை அமைச்சர் எழுத்துமூலம் அவையின்முன் வைக்கவும், அது அவைக்குறிப்பில் இடம்பெறவும் விதியில் திருத்தம் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாமல் சட்டவிரோதமாக நிறைவேற்றப்பட்ட 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெற வேண்டும்.' இதோடு, 2020 பிப்ரவரி 20, 2023 ஏப்ரல் 21 ஆகிய இரண்டு நாட்களிலும் அவகாசத்தை யார் கேட்டார், யார் ஆட்சேபித்தார் என்பதைத் தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கலாமா?

குடந்தை வழக்கறிஞர்:

'சட்டவிரோதமாக' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 212-ஆம் பிரிவைப் படித்த எந்த அதிகாரியும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மனுவை ஓரம்கட்டிவிடுவார். 'விவாதமின்றி நிறைவேற்றப்பட்ட' என்று போட்டால் யாராலும் மறுக்க முடியாது. மேலும் நீங்கள் கேட்கும் விதித் திருத்தம் இனி வருவதற்கானது. இல்லாத விதியை 2023-இல் மீறினார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனிப் பத்தியாகப் பிரியுங்கள். சட்டத்தைத் திரும்பப் பெறக் கேட்பதற்கு ஏரியும் வாய்க்காலுமே போதுமான காரணம். விதி வாதத்தை அதற்குள் நுழைக்க வேண்டியதில்லை.

தகவல் உரிமை விண்ணப்பத்தைப் பேரவைச் செயலகத்துக்குத் தாராளமாக அனுப்பலாம். வெளியிட்டால் அவை உரிமை மீறல் ஆகும் தகவல்களுக்கு அந்தச் சட்டத்தின் 8(1)(c) பிரிவில் விலக்கு ஒன்று உண்டு. ஆனால் வெளியிடப்பட்ட பேரவை நடவடிக்கைக் குறிப்புகளுக்கு அந்த விலக்கைச் சொல்ல இடமில்லை. முதலில் அந்த இரண்டு நாட்களின் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பை வாங்கிப் படியுங்கள். ஆட்சேபம் எழுந்திருந்தால் அதில் இருக்கும்.

கடைமடைக்காரன் (தலைஞாயிறு):

சொல்லை எடுத்துவிட்டேன், பத்தியையும் பிரித்துவிட்டேன். இந்த வாரம் இங்கே நடவு நடக்கிறது. முடிந்ததும் கூட்டத்தில் படித்துக் கையெழுத்து வாங்குகிறோம். படித்துப் பார்க்க இரண்டு நாள் முன்னதாகவே எல்லாருக்கும் படி கொடுத்துவிட வேண்டும் என்று சட்டக் கல்லூரித் தம்பி இப்போதே நிபந்தனை போட்டுவிட்டார்.